ஏரி வற்றினால் நத்தை எங்கே போகும்?

போன மே மாதம் சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தோம். ஊருக்கு வெளியே சின்ன ஏரி ஒன்று. ஏரி என்று பேர்தான், சொட்டுத் தண்ணீர் கிடையாது. அடிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மூன்றாம் வகுப்பு முடித்திருந்த என் அக்கா மகள் ஒரு வெடிப்புக்குள் குச்சியை விட்டு நோண்டி, எலுமிச்சம்பழம் அளவுக்கு உருண்டையாக ஒன்றை வெளியே எடுத்தாள். பச்சையும் பழுப்புமான நத்தை. வாய்ப்பக்கத்தை ஒரு தட்டு இறுக்கமாக அடைத்திருந்தது.

"மாமா, செத்துப் போச்சா?"

"மோந்து பாரு."

மூக்கைச் சுளித்துக்கொண்டே மோந்தாள். "மண்ணு வாசம்தான் வருது."

அப்படியென்றால் உயிரோடுதான் இருக்கிறது. செத்த நத்தையின் நாற்றம் தெருவையே கூட்டிவிடும், சந்தேகமே வராது.

"தண்ணியே இல்லையே. அப்புறம் இது எப்படி உயிரோட இருக்கும்?"

அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பதில் கொஞ்சம் நீளம். ஏனென்றால் நத்தையின் மூச்சு, வாய், மூடி, முட்டை எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தான் அந்தப் பதிலுக்கு வர முடியும்.

முதலில் ஒரு விஷயத்தைச் சரிசெய்துகொள்வோம். நத்தை பூச்சி இல்லை, புழுவும் இல்லை. உடம்பில் எலும்பே கிடையாது. மெல்லுடலிகள் என்று ஒரு பெரிய குடும்பம் இருக்கிறது. சிப்பி, சங்கு, கணவாய், எட்டுக் கை ஆக்டோபஸ் எல்லாம் அதில் அடக்கம். நத்தையும் அந்தக் குடும்பம்தான். அதாவது ஆக்டோபஸுக்கு நத்தை பங்காளி முறை.

மழைக்காலத்தில் முருங்கை மரத்தில் ஏறும் பெரிய நத்தை இருக்கிறதே, அது வேறு. அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தரை நத்தை. இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு சுலபமான வழி உண்டு. தரை நத்தையின் தலையில் இரண்டு நீளக் கொம்புகளின் உச்சியில் கண் இருக்கும். தண்ணீர் நத்தைக்குக் கண் கொம்பின் அடியில், தலையோடு ஒட்டினாற்போல இருக்கும். கண்ணைப் பார்த்தே நத்தை எந்த ஊர்க்காரர் என்று சொல்லிவிடலாம்.

எங்கள் சேலத்துப் பக்க ஏரி, கிணறு, வாய்க்கால்களில் உற்றுப் பார்த்தால் நாலைந்து வகை கண்ணில் படும். பெரியது, உருண்டையானது ஆப்பிள் நத்தை. பைலா என்பது அதன் அறிவியல் பெயர். எங்கள் பாப்பா தோண்டி எடுத்தது இதைத்தான். கொஞ்சம் சிறியதாக, ஓட்டில் மெல்லிய கோடு ஓடுகிற ஒன்று பெல்லாமியா. ஓடு மெலிந்து, பிசின் நிறத்தில் பாசி ஓரமாகத் திரிவது லிம்னேயா. ஆட்டுக்கிடாக் கொம்பு மாதிரி தட்டையாகச் சுருண்ட ஒன்று உண்டு, அதைக் கொம்பு நத்தை என்று வைத்துக்கொள்வோம். சாக்கடை ஓரத்தில் கூடச் சளைக்காமல் வாழ்கிற குட்டி நத்தைக்கு ஃபைசா என்று பெயர். நம் வாயில் அது பைசாதான். அளவும் அப்படித்தான், சில்லறை.

முதுகில் சுமப்பது வீடா?

"நத்தை தன் வீட்டை முதுகில் சுமக்கிறது" என்று எல்லாரும் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு அந்தச் சொல் முழுதாகப் பிடிப்பதில்லை. வீடு என்றால் வெளியே போய்விட்டுத் திரும்ப வரலாம், பிடிக்காவிட்டால் காலி பண்ணலாம். நத்தையால் முடியாது. ஓட்டின் உள்தண்டோடு ஒரு கெட்டியான தசை அதைக் கட்டிப்போட்டிருக்கிறது. ஓட்டை விட்டுப் பிய்த்தால் செத்துப்போகும். ஓடு மாற்றிக்கொண்டே போவது கடற்கரைத் துறவி நண்டு, நத்தை அல்ல. நத்தைக்கு ஓடு நமக்கு நகம் மாதிரி, பல் மாதிரி, அதன் உடம்பின் பகுதி.

அது எப்படி வளர்கிறது? நத்தையின் மெல்லிய போர்வை போன்ற ஒரு தோல், ஓட்டின் வாய் விளிம்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பைச் சேர்த்துக்கொண்டே போகிறது. கொத்தனார் சுவரில் வரிசை வரிசையாகச் செங்கல் ஏற்றுகிற மாதிரி. பழைய பகுதி அப்படியே இருக்கும், புதுசு விளிம்பில் மட்டும் சேரும். அதனால் ஓட்டின் கூர்முனையைத் தொட்டுப் பாருங்கள். அந்தக் கடுகு அளவு நுனிதான், முட்டையிலிருந்து வந்தபோது அந்த நத்தை முழுசாகக் குடியிருந்த ஓடு. தன் குழந்தைப் பருவத்தை நுனியில் வைத்துக்கொண்டே கிழடாகும் பிராணி அது.

சுண்ணாம்பு எங்கிருந்து கிடைக்கிறது? சேலத்துப் போர்வெல் தண்ணீரில் குளிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. குழாய் நுனியிலும் வெந்நீர் அண்டாவிலும் வெள்ளையாக ஏடு படிகிறதே, அதில் பெரும்பங்கு கால்சியம் கார்பனேட். நத்தை ஓடும் அதே சரக்குதான். தண்ணீரில் கரைந்திருக்கிற சுண்ணாம்பையும் தின்கிற தீனியில் இருக்கிறதையும் எடுத்து ஓடு கட்டுகிறது. நமக்குத் தொல்லை, அதற்குக் கட்டுமானப் பொருள். ஊருக்கு வடக்கே தோண்டுகிற வெள்ளைக்கல் இருக்கிறதே, அது மெக்னீசியம் கார்பனேட். நத்தை ஓட்டுக்கு அது சித்தப்பா பிள்ளை மாதிரி.

கையில் ஒரு காலி ஓடு கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள். கூர்முனை மேலே, வாய் உங்களைப் பார்த்து இருக்கும்படி பிடியுங்கள். வாய் உங்கள் வலக்கைப் பக்கம் இருந்தால் வலஞ்சுழி, இடக்கைப் பக்கம் இருந்தால் இடஞ்சுழி. ஆப்பிள் நத்தை வலஞ்சுழி. நம் பைசா இடஞ்சுழி. இங்கே ஒரு வேடிக்கை. கோயிலில் வைத்துக் கும்பிடுகிற வலம்புரிச் சங்கை இதே மாதிரி பிடித்தால் வாய் இடப்பக்கம் வரும்! அறிவியல்காரர்கள் அதை இடஞ்சுழி என்றுதான் எழுதுவார்கள். யாரும் தப்பில்லை. அவர்கள் கூர்முனையை மேலே வைத்துப் பார்க்கிறார்கள், நாம் கீழே வைத்துப் பார்க்கிறோம். தலைகீழாக்கினால் இடம் வலமாகிவிடும்.

வயிறே கால், நாக்கே துருவி

நத்தைக்குக் கால் எங்கே? ஒரே ஒரு கால், அதுவும் வயிற்றுக்கு அடியில் அகலமாக. அதனால் இந்த இனத்துக்கு வயிற்றுக்காலிகள் என்றே பெயர். ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் ஊற்றி நத்தையை விட்டு, அது சுவரில் ஊரும்போது வெளியிலிருந்து கண்ணாடி வழியே பாருங்கள். காலின் அடிப்பாகம் சுருங்கி விரிந்து, பாய் மடங்கி விரிகிற மாதிரி நகரும். வழுவழுவென்று ஒரு கோழையைச் சுரந்து, தான் போட்ட பாதையிலேயே தான் போகும். லிம்னேயா இதில் கெட்டிக்காரன். தண்ணீரின் மேல்பரப்புக்கு அடியில், தலைகீழாகத் தொங்கியபடி, கூரையில் நடக்கிற பல்லி மாதிரி ஊர்ந்துபோகும்.

எவ்வளவு வேகம்? நான் சொல்வதைவிட நீங்களே அளப்பது நல்லது. பாட்டிலின் வெளிப்பக்கம் ஸ்கேலை ஒட்டிவைத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை சென்டிமீட்டர் போகிறது என்று குறியுங்கள். அதை 60 ஆல் பெருக்கினால் ஒரு மணி நேரக் கணக்கு வந்துவிடும். நடுவில் நத்தை நின்றுவிட்டால் திட்டாதீர்கள், அது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

சாப்பிடுவதுதான் பார்க்க அழகு. வாய்க்குள் ராடுலா என்று ஒரு நாக்குப் பட்டை. அதில் வரிசை வரிசையாகக் கண்ணுக்குத் தெரியாத பற்கள், ஆயிரக்கணக்கில். தேங்காய்த் துருவியை நாக்காக்கிக்கொண்டது போல நினைத்துக்கொள்ளுங்கள். நாம் தேங்காயைத் துருவியில் தேய்க்கிறோம், நத்தை துருவியைக் கல்லில் தேய்க்கிறது. பாறையிலும் இலையிலும் படிந்த பாசியைச் சுரண்டிச் சுரண்டி விழுங்கும். கல்லில் தேய்த்தால் பல் மழுங்காதா? மழுங்கும். முன்வரிசை தேய்ந்து விழ விழ, பின்னாலிருந்து புது வரிசை நகர்ந்து வந்துகொண்டே இருக்கும். பல் டாக்டரிடம் போகிற வேலையே இல்லை.

ஆப்பிள் நத்தைக்குப் பாசி மட்டும் போதாது. இலை, தண்டு என்று தண்ணீர்ச் செடிகளையும் கடித்துத் தின்னும். தென் அமெரிக்காவிலிருந்து தைவானுக்கு 1980 வாக்கில் கொண்டுபோன அதன் உறவுக்கார நத்தை ஒன்று, அங்கிருந்து தென்கிழக்கு ஆசியா முழுக்கப் பரவி நெல் நாற்றை மேய்ந்துகொண்டிருக்கிறது. வளர்த்து விற்கலாம் என்று கொண்டுபோனார்கள். வாங்க ஆளில்லாமல் வயலுக்குள் போய்விட்டது.

ஈரறிவு

தொல்காப்பியத்தில் உயிர்களை அறிவுக் கணக்கில் பிரித்திருப்பார்கள். புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு. அடுத்து வருவது "நந்தும் முரளும் ஈரறிவினவே". நந்து என்றால் நத்தை. தொட்டு உணர்வது ஒன்று, சுவைப்பது இரண்டு. இந்தப் பிராணியை யாரோ குந்தி உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். கொம்பால் தடவிப் பார்த்து, வாயால் தொட்டுப் பார்த்துத்தான் அது உலகத்தை அறிகிறது.

இன்றைய ஆய்வாளர்கள் பட்டியலில் இன்னும் சேர்த்திருக்கிறார்கள். வெளிச்சம் எது, நிழல் எது என்று அதன் கண்ணுக்குத் தெரியும். உங்கள் கை நிழல் மேலே விழுந்தால் வெடுக்கென்று சுருங்குவது அதனால்தான். உள்ளே வருகிற தண்ணீரை மோந்து பார்க்க ஒரு தனி உறுப்பு இருக்கிறது. காது மட்டும் கிடையாது. எவ்வளவு கத்தினாலும் அதற்குக் கவலையில்லை, அது இருக்கிற பாத்திரத்தை லேசாகத் தட்டினால் அதிர்வு தெரிந்துவிடும்.

மூளை? நமக்கு நரம்பு செல்கள் சுமார் 8,600 கோடி. குளத்து நத்தைக்குச் சுமார் 20,000. அந்த 20,000-ஐ வைத்துக்கொண்டு அது பாடம் படிக்கும். லிம்னேயாவின் ஐரோப்பிய உறவுக்கார நத்தை ஒன்றை வைத்துச் செய்த சோதனை இது. அந்த நத்தை மூச்சுவிட மேலே வந்து, உடம்பின் பக்கவாட்டில் இருக்கிற ஒரு துளையைத் திறக்கும். திறக்கும்போதெல்லாம் ஒரு குச்சியால் அந்த இடத்தை மெதுவாகத் தொட்டார்கள். நத்தை மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் "மேலே போய்த் திறந்தால் குத்துகிறார்கள்" என்று புரிந்துகொண்டு, திறப்பதைக் குறைத்துக்கொண்டது. மறுநாளும் அது ஞாபகம் இருந்தது! வீட்டுப்பாடத்தை மறுநாள் மறந்துவிடுகிற சிலரை எனக்குத் தெரியும், பெயர் சொல்லமாட்டேன்.

மூச்சு

இப்போது பாப்பாவின் கேள்விக்கு அருகில் வந்துவிட்டோம். மீன் செவுளால் மூச்சு விடுகிறது, நாம் நுரையீரலால் விடுகிறோம். நத்தைகளில் இரண்டு கட்சியும் உண்டு. பெல்லாமியா செவுள் கட்சி. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். லிம்னேயா, கொம்பு நத்தை, பைசா மூன்றும் நுரையீரல் கட்சி. அவ்வப்போது மேலே வந்து காற்றை எடுத்துக்கொண்டு போகும். அதனால்தான் சாக்கடைத் தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் பைசா பிழைத்துக்கொள்கிறது. சேர்வராயன் மலையில் தெளிந்த ஓடையாகப் பிறந்து சேலத்துக்குள் வரும்போது கறுத்துப்போகிற திருமணிமுத்தாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தண்ணீரில் செவுள் நத்தை எல்லாம் காணாமல் போய், நுரையீரல் நத்தை மட்டும் மிஞ்சியிருந்தால், அந்தத் தண்ணீருக்கு மூச்சுத் திணறுகிறது என்று ஒரு சந்தேகம் வரலாம்.

ஆப்பிள் நத்தை எந்தக் கட்சி? இரண்டும். வலப்பக்கம் செவுள், இடப்பக்கம் நுரையீரல்! ஏரி நிறைந்திருக்கும்போது செவுளால் மூச்சு விடுகிறது. தண்ணீர் குறைந்து, சூடாகி, சேறாகும்போது அதில் ஆக்சிஜன் குறைந்துவிடும். அப்போது நத்தை ஒரு தோலைச் சுருட்டிக் குழாய் ஆக்கும். இளநீர்க் கடை ஸ்ட்ரா மாதிரி. உடம்பு தண்ணீருக்குள், குழாய் நுனி மட்டும் வெளியே. உடம்பை முன்னும் பின்னும் அசைத்துக் காற்றை உள்ளே இழுக்கும். ஆற்றில் குளிக்கிற யானை தும்பிக்கையை மட்டும் மேலே நீட்டுமே, அந்தக் காட்சிதான், எலுமிச்சம்பழ அளவில்.

மூடி போட்ட தூக்கம்

ஏரி முழுசாக வற்றிவிட்டால்? பங்குனி, சித்திரையில் எங்கள் பக்கத்துச் சின்ன ஏரிகளுக்கு அதுதான் வழக்கம். மீன் செத்துப்போகும், கொக்கு வேறு ஏரிக்குப் பறந்துவிடும். நத்தைக்கு இறக்கையும் இல்லை, ஓட்டமும் இல்லை. அது கீழே போகிறது. சேறு இளக்கமாக இருக்கும்போதே உள்ளே புதைந்து, உடம்பை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு, காலின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் மூடியால் வாயை அடைத்துக்கொள்கிறது. பாப்பா பார்த்த தட்டு அதுதான். ஆப்பிள் நத்தையின் மூடி சுண்ணாம்பு ஏறி கெட்டியாக இருக்கும். ஓட்டு வாய்க்கு அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்தும். உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாது.

அப்புறம் தூக்கம். நாம் ராத்திரி தூங்குகிற தூக்கம் இல்லை. இதயம் மெதுவாகிவிடும். சாப்பாடு கிடையாது, உடம்பில் சேர்த்துவைத்த சத்தைச் சிறுகச் சிறுகச் செலவழிக்கும். மூச்சு மிகக் கொஞ்சம், அதற்குத்தான் நுரையீரல். சிறுநீர் கழித்தால் ஈரம் போய்விடுமே? அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறது. கழிவைத் தண்ணீராக விடாமல், யூரிக் அமிலமாக மாற்றி உள்ளேயே சேர்த்துவைக்கும். பல்லி எச்சத்தின் நுனியில் வெள்ளையாக ஒன்று இருக்குமே, அந்தச் சரக்குதான். இப்படிப் பல மாதம் கிடக்க முடியும். குளிருக்குப் பயந்து தூங்குவதைக் குளிர்கால உறக்கம் என்கிறோம். இது வெயிலுக்குப் பயந்த உறக்கம், கோடை உறக்கம்.

லிம்னேயாவுக்கும் கொம்பு நத்தைக்கும் மூடி கிடையாது. அவை ஈரச் சேற்றிலும் இலைக்கு அடியிலும் ஒட்டிக்கொண்டு எப்படியோ சில சமாளிக்கும், பல செத்துப்போகும். ஆனால் மழை வந்ததும் மளமளவென்று பெருகிவிடும். அந்தக் கணக்கு முட்டையில் இருக்கிறது.

ஜவ்வரிசி, சப்ஜா விதை

ஆப்பிள் நத்தையில் ஆண் வேறு, பெண் வேறு. மழைக்குப் பிறகு பெண் நத்தை தண்ணீரை விட்டுக் கரையேறும். ஆமாம், தண்ணீர் நத்தை முட்டை இடுவது தரையில்! கரையோரம் ஈரமான மண் பொந்திலோ வேர் இடுக்கிலோ நூற்றுக்கணக்கில் வெள்ளை முட்டைகளைக் குவித்துவிட்டுத் திரும்பிவிடும். சேகோ ஆலை முற்றத்தில் ஜவ்வரிசியைக் காயப்போட்டிருப்பார்களே, அதில் ஒரு பிடி அள்ளி வைத்த மாதிரி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மெல்லிய சுண்ணாம்பு ஓடு உண்டு. தண்ணீருக்குள் இட்டால் மீன் தின்றுவிடும், சேற்றில் ஆக்சிஜனும் போதாது. அதனால் கரையில். இரண்டு வாரமோ சற்று அதிகமோ ஆனதும் குட்டி நத்தைகள் வெளியே வந்து, தாமே தண்ணீரைத் தேடிப் போகும்.

லிம்னேயா, கொம்பு நத்தை வழி வேறு. அவற்றில் ஒவ்வொன்றும் ஆணும்தான் பெண்ணும்தான். இலையின் அடியில் கண்ணாடி மாதிரி ஒரு வழவழப்பான கட்டியை ஒட்டும், அதற்குள் புள்ளி புள்ளியாக முட்டைகள். சப்ஜா விதையை ஊறவைத்தால் சுற்றிலும் ஒரு வழுவழுப்பு கட்டுமே, அப்படி. வண்ணமீன் தொட்டியில் ஒரே ஒரு நத்தை விட்டேன், ஒரு மாதத்தில் நாற்பது ஆகிவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. கடைக்காரர் மேல் தப்பில்லை. துணை இல்லாவிட்டாலும் தன்னந்தனியாக முட்டையிட இவற்றால் முடியும்.

பெல்லாமியா முட்டையே வெளியில் இடாது. உள்ளேயே பொரித்து, ஓட்டோடு குட்டி போடும்.

யாருக்கு யார் தீனி

நத்தையைத் தின்பதற்கென்றே அலகு வளைத்துக்கொண்ட பறவை ஒன்று உண்டு, நத்தை குத்தி நாரை. ஏரிக்கரையில் நின்று அதன் அலகைப் பக்கவாட்டில் பாருங்கள். மேல் அலகுக்கும் கீழ் அலகுக்கும் நடுவில் சந்து தெரியும். வாயை முழுசாக மூடவே முடியாது. குஞ்சாக இருக்கும்போது இந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் வரும். பாக்குவெட்டி போல அதில் வைத்து ஓட்டை நொறுக்கும் என்று வெகு நாள் நினைத்திருந்தார்கள். அப்படி இல்லை. அலகு நுனியை மூடிக்குப் பக்கத்தில் செலுத்தி, ஓட்டோடு கட்டியிருக்கிற தசையை அறுத்து, சதையை மட்டும் உருவி எடுத்துக்கொள்ளும். ஓடு பெரும்பாலும் உடையாமல் கிடக்கும்.

மின்மினிப் பூச்சியின் புழுக்களும் நத்தை தின்னும். ராத்திரி மினுமினுக்கிற அந்தப் பூச்சி சின்ன வயதில் நத்தை வேட்டைக்காரன் என்றால் நம்புவதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மனிதர்களும் தின்கிறார்கள். வயல் நத்தையைப் பொறுக்கி வந்து நன்றாக வேகவைத்துக் கறி வைக்கிற வீடுகள் எங்கள் பக்கம் உண்டு. வேகாத நத்தையை மட்டும் வாயில் வைக்கவே கூடாது. மூளைக்குள் போய்த் தொல்லை செய்கிற புழுக்கள் அதில் இருக்கலாம். ஏரி ஓரப் புல்லில் ஆட்டை விடாதே என்று ஆடு மேய்க்கிற பெரியவர்கள் சொல்வதிலும் நத்தைக் கதை இருக்கிறது. ஈரல் தட்டைப்புழுவின் முட்டை, ஆட்டுப் புழுக்கையோடு தண்ணீரில் விழும். அதிலிருந்து வருகிற குஞ்சு லிம்னேயா நத்தைக்குள் புகுந்து, ஒன்று பலவாகி, வெளியே வந்து புல்லில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புல்லைத் தின்றால் ஆட்டின் ஈரலில் புழு. நத்தை அதற்கு நடுவழி வாடகை வீடு. நத்தையைத் தொட்டால் ஒன்றும் ஆகாது, தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

செம்புச் சொம்பு

சரி, அந்த ஏரி நத்தையின் கதைக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்ததும் கையில் கிடைத்த பழைய செம்புச் சொம்பில் தண்ணீர் ஊற்றி அதை விடப் போனேன். நல்லவேளை, சட்டென்று ஞாபகம் வந்தது. நத்தைக்குச் செம்பு ஆகாது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் செடிக்கு நோய் வராமல் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து போர்டோ கலவை அடிப்பார்கள். மயில்துத்தம் செம்பு உப்புதான். அது தண்ணீரில் கலந்தால் நத்தைக்கு நஞ்சு.

இதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஆப்பிள் நத்தையின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்புதான். நம் ரத்தத்தில் அந்த வேலையை இரும்பு செய்கிறது, அதனால் சிவப்பு. அதன் ரத்தம் லேசான நீலம். உடம்புக்குள் அளவோடு இருந்தால் உயிர், வெளியிலிருந்து அளவில்லாமல் வந்தால் விஷம். உப்பும் அப்படித்தான். நத்தை மேல் உப்புப் போட்டு அது நுரைத்துச் சுருங்குவதை வேடிக்கை பார்க்கிற பையன்கள் உண்டு. உப்பு அதன் உடம்புத் தண்ணீரை உறிஞ்சி எடுக்கிறது. அது வேடிக்கை இல்லை. கொம்பு நத்தை மட்டும் இதில் நம் கட்சி, அதன் ரத்தம் இரும்பு ரத்தம், சிவப்பு. இரும்பாலை இருக்கிற ஊருக்குப் பொருத்தம்தான்.

கடைசியில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட் எடுத்தோம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் முந்தின நாள் பிடித்து வெயிலில் வைத்திருந்த தண்ணீரை இரண்டு விரற்கடை ஊற்றி, நத்தையை வைத்தோம். ஒன்றும் நடக்கவில்லை. பாப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "எழுந்திரி, விடிஞ்சிருச்சு" என்று அதனிடம் சொல்லிப் பார்த்தாள். காது இல்லை என்று சொன்னேனே. ஒன்பது மணிக்கு அவளே தூங்கிப்போனாள்.

காலையில் எழுந்து பார்த்தால் பக்கெட் காலி. மூடி போட வேண்டும் என்று அடுத்தவர்களுக்கெல்லாம் சொல்கிற நான், மூடி போட மறந்திருந்தேன். தேடினால், துணி துவைக்கிற கல்லின் பின்பக்கத்தில், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தரை முழுக்கக் கோழைத் தடம், வெயிலில் மினுங்கிக்கொண்டு.

அன்றிலிருந்து வலை மூடி. தீனிக்குக் கீரைத்தண்டும் வெள்ளரிக்காயும். ஓட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டுமென்று முட்டை ஓட்டைக் கழுவி நொறுக்கிப் போட்டோம். தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை பாதி மாற்றினோம். மூன்று மாதம் இருந்தது. ஆவணியில் நல்ல மழை பெய்து, அந்த ஏரியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. எங்கே எடுத்தோமோ அங்கேயே கொண்டுபோய் விட்டோம். வேறு ஏரியில் விடக் கூடாது, கடையில் வாங்கிய தொட்டி நத்தையை எந்த ஏரியிலும் விடவே கூடாது. ஒன்று நாற்பதாகிற கதையைத்தான் மேலே சொன்னேனே.

வீட்டுக்கு வந்தால் பக்கெட்டின் உள்சுவரில் பச்சையாகப் பாசி படிந்திருந்தது. அதன் மேல் நெளிநெளியாக, இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பிப் போகிற கோடுகள். ராடுலா சுரண்டிய தடம். மூன்று மாதச் சாப்பாட்டின் வரைபடம். அக்கா பிரஷ்ஷும் சோப்புத் தூளும் எடுத்துக்கொண்டு வந்தாள். பாப்பா பக்கெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. இன்னும் மொட்டைமாடியில்தான் இருக்கிறது, கழுவாமல்.